பேச்சு போகிறது, பொத்தான் போகவில்லை: இணையத் தொலைபேசி அடாப்டரில் டச் டோன் கோளாறு

சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான இணையத் தொலைபேசி அடாப்டர் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. நாம் பேசுவது அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கிறது, அவர்கள் பேசுவதும் இங்கே கேட்கிறது. ஆனால் "கணக்கு விவரங்களுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று பதிவுக் குரல் சொன்னதும் ஒன்றை அழுத்தினால், அழுத்தியதாகவே அது எடுத்துக்கொள்வதில்லை. அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறது. கடைசியில் தவறான எண் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

எங்கள் பெரியப்பா வீட்டிலும் இதேதான். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. தொடுதிரையில் எண் அடிக்க முடியாது. பெரிய பொத்தான்கள் வைத்த மேசைத் தொலைபேசிதான் அவருக்குச் சரிப்படும். வங்கி இருப்பு, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, எரிவாயு பதிவு எல்லாமே அந்தப் பொத்தான்கள் வழியாகத்தான். "ஏம்ப்பா, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்குது. அழுத்துறது மட்டும் ஏன் போய்ச் சேரல?" என்று கேட்டார். இதைவிடச் சரியாக இந்தக் கோளாறை யாரும் கேட்க முடியாது. பேச்சும் பொத்தானும் ஒரே கம்பியில் தொடங்கினாலும், அடாப்டரைத் தாண்டியதும் பெரும்பாலும் வேறு வேறு வழியில்தான் போகின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் பொத்தான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்புகிறது. கிடைவரிசைக்கு ஒன்று, நெடுவரிசைக்கு ஒன்று. கிடைவரிசைகள் மேலிருந்து கீழாக 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5ஐ அழுத்தினால் 770ம் 1336ம் ஒன்றாக ஒலிக்கும். இந்த இரட்டை ஒலிக்குத்தான் டச் டோன் என்று பெயர், செட்டிங்ஸில் டி.டி.எம்.எஃப். என்று இருக்கும். 1633 ஹெர்ட்ஸில் நான்காவது நெடுவரிசை ஒன்றும் தரத்தில் இருக்கிறது, வீட்டுத் தொலைபேசிகளில் அதற்குப் பொத்தான் கிடையாது. 1963ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் இதை வாடிக்கையாளர்களுக்குக் கொண்டுவந்தபோதே இந்த எண்களை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று மற்றொன்றின் மடங்காக வராது. மனிதக் குரல் தற்செயலாக இந்த ஜோடிகளை எழுப்பிவிடக் கூடாது என்பது நோக்கம். இத்தனை வருடம் கழித்தும் அதே எட்டு அலைவரிசைகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

இனி கோளாறுக்கு வருவோம். செட்டிங்ஸ் பக்கம் போகும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். டோன் தொலைந்துபோவது தொலைபேசிக்கும் அடாப்டருக்கும் நடுவிலா, அடாப்டருக்கு அப்பாலா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு அருமையான ஒரு சோதனை அடாப்டருக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான அடாப்டர்களில் ரிசீவரை எடுத்து நட்சத்திரப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் ஒரு குரல் மெனு வரும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி. வரிசையில் மூன்று நட்சத்திரம், அப்புறம் 02 அழுத்தினால் அதன் ஐ.பி. முகவரியைப் படித்துக் காட்டும். லிங்க்சிஸ், சிஸ்கோவின் எஸ்.பி.ஏ. வகைகளில் நான்கு நட்சத்திரம், பிறகு 110, கடைசியில் ஹாஷ். இந்த மெனு முழுக்க வீட்டுக்குள்ளேயே நடப்பது. இணையம் வேண்டாம், சேவை நிறுவனம் வேண்டாம். இங்கே எண்கள் சரியாக ஏறினால் தொலைபேசியும் கம்பியும் அடாப்டரின் காதும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். ஏறவில்லையென்றால் இணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு மேசை மேலேயே இருக்கிறது.

வெளியே ஒரு எண்ணை டயல் செய்து பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பல தொலைபேசிகளின் அடியிலோ பக்கவாட்டிலோ டி, பி என்று எழுதிய சின்ன ஸ்விட்ச் இருக்கும். டி என்றால் டோன், பி என்றால் பல்ஸ். பல்ஸில் இருந்தால் 5ஐ அழுத்தும்போது டோனுக்குப் பதிலாக டக் டக் என்று ஐந்து துடிப்பு கேட்கும். சில அடாப்டர்களுக்குப் பல்ஸும் புரியும். அவற்றில் எண் ஒழுங்காக டயல் ஆகும், அழைப்பும் போகும். அதற்கு அப்புறம் வரும் மெனுவில் மட்டும் எதுவும் நடக்காது, ஏனென்றால் டோன் என்று ஒன்று கிளம்பவே இல்லை. அதனால் காதால் கேட்டுப் பாருங்கள். பொத்தானை அழுத்தும்போது இரட்டை ஒலி வருகிறதா, துடிப்பு வருகிறதா? துடிப்பு என்றால் ஸ்விட்சை டி பக்கம் தள்ளினால் வேலை முடிந்தது. கம்பியில்லாத கார்ட்லெஸ் கருவிகளில் இந்த ஸ்விட்ச் வெளியே தெரியாது, மெனுவுக்குள் டயல் மோட் என்று இருக்கும். மின்கலம் மாற்றும்போது சிலவற்றில் இது தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும்.

எல்லா எண்களும் போகாமல் இருப்பதற்கும் சில எண்கள் மட்டும் போகாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். எந்தெந்தப் பொத்தான் போகவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். 3, 6, 9, ஹாஷ் நான்கும் போகவில்லையா? அவை நான்கும் 1477 ஹெர்ட்ஸ் நெடுவரிசை. 7, 8, 9 மூன்றும் மக்கர் செய்கின்றனவா? அது 852 ஹெர்ட்ஸ் கிடைவரிசை. இப்படி வரிசையாகப் போனால் தொலைபேசிக்குள் அந்த வரிசைக்கான தொடர்பு அறுந்திருக்கிறது, அடாப்டரில் எதை மாற்றினாலும் திரும்பாது. ஒரே ஒரு பொத்தான் மட்டும் என்றால் அதன் அடியில் உள்ள ரப்பரில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்திருக்கும். சுத்தமான ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். எண்களுக்கு நடுவே எந்த ஒழுங்கும் இல்லை, ஒரு முறை போனது மறுமுறை போகவில்லை என்றால்தான் ஒலியின் அளவையும் வலையமைப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

மிகப் பழைய டச் டோன் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவற்றில் சிலவற்றுக்குக் கம்பியின் நேர், எதிர் முனைகள் மாறினால் டயல் டோன் கேட்கும், பேசவும் முடியும், பொத்தானை அழுத்தினால் மட்டும் மௌனம். இரண்டு கம்பிகளையும் மாற்றி இணைத்தால் உயிர் வந்துவிடும். பிறகு வந்த தொலைபேசிகளில் இந்தத் தொல்லை இல்லை.

சோதனை செய்யும்போது சுவருக்குள் ஓடும் கம்பிகளை எல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு தொலைபேசியை அடாப்டரில் நேரடியாகச் செருகுங்கள். பழைய தொலைபேசி இணைப்பு இன்னும் சுவரில் உயிரோடு இருந்து, அதே கம்பியில் அடாப்டரையும் செருகியிருந்தால் டோன் கெடுவது மட்டுமில்லை, அடாப்டரே போய்விடலாம்.

பெரியப்பா வீட்டில் அடாப்டரின் குரல் மெனு எல்லா எண்களையும் பிசகாமல் வாங்கிக்கொண்டது. ஆக மேசை மேல் குற்றமில்லை, விஷயம் அப்பால்தான் என்று தெரிந்துவிட்டது.

அடாப்டருக்கு அப்பால் டோனை அனுப்ப மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, பேச்சோடு பேச்சாக ஒலியாகவே அனுப்புவது. இதை இன்பேண்ட் என்பார்கள். பேச்சை எண்களாக மாற்றி அனுப்பும் முறையைக் கோடெக் என்பார்கள். ஜி.711 கோடெக் என்றால் இது ஓரளவு ஓடும், ஏனென்றால் அது நொடிக்கு 64 கிலோபிட் எடுத்துக்கொண்டு ஒலியை அப்படியே கொண்டுபோகிறது. ஜி.729 என்றால் வம்புதான். 8 கிலோபிட்டுக்குள் பேச்சை அடக்க, மனிதக் குரல் எப்படி உருவாகிறதோ அந்த மாதிரியை வைத்துக்கொண்டு அது சுருக்குகிறது. குரலுக்கு அது அருமையான வேலை. இரண்டு தூய ஒலிகள் சேர்ந்த டோன் அந்தச் சுருக்கலில் சிதைந்து மறுமுனைக்குப் புரியாமல் போகிறது. "பேசுவது நன்றாகக் கேட்கிறது, அழுத்துவது மட்டும் போகவில்லை" என்பதற்கு நான் பார்த்தவற்றில் மிகச் சாதாரணமான காரணம் இந்த ஜோடிதான், ஜி.729ம் இன்பேண்டும்.

இரண்டாவது வழி, டோனை ஒலியாக அனுப்பாமல் "5 அழுத்தப்பட்டது, இவ்வளவு நேரம்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல ஒரு சின்னப் பாக்கெட்டாக, அதாவது தகவல் பொட்டலமாக அனுப்புவது. இதற்கான இணையத் தர ஆவணம் 2000ல் ஆர்.எஃப்.சி. 2833 என்று வந்தது, 2006ல் 4733 என்று புதுப்பித்தார்கள். செட்டிங்ஸில் இன்னும் பழைய எண்ணைத்தான் பலரும் எழுதுகிறார்கள், எஸ்.பி.ஏ. வகைகளில் இதற்கு ஏ.வி.டி. என்று பெயர். கோடெக் எதுவானாலும் இது கெடாது. மூன்றாவது, எஸ்.ஐ.பி. இன்ஃபோ. எஸ்.ஐ.பி. என்பது இணைய அழைப்பைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை. இதில் எண் பேச்சு போகும் தடத்தை விட்டுவிட்டு, அழைப்பை நடத்தும் செய்திகளோடு போகும். சில சேவைகள் இதைத்தான் கேட்கும், பல சேவைகள் கண்டுகொள்ளவே மாட்டா.

வேறு காரணம் இல்லாதவரை இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். எஸ்.பி.ஏ. அடாப்டரில் லைன் பக்கத்தில் டி.டி.எம்.எஃப். டி.எக்ஸ். மெத்தட் என்று இருக்கும், அதில் ஏ.வி.டி. கிராண்ட்ஸ்ட்ரீமில் எஃப்.எக்ஸ்.எஸ். போர்ட் (தொலைபேசியைச் செருகும் துளை) பக்கத்தில் மூன்று வழிகளையும் முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தலாம், முதலிடத்தில் ஆர்.எஃப்.சி. 2833. பேலோட் டைப் என்று ஓர் எண் கேட்டால் பெரும்பாலும் 101. அந்த எண்ணை இரு முனைகளும் அழைப்பின் தொடக்கத்தில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியவை. ஆனால் சில கருவிகள் 101ஐத் தவிர வேறு எதையும் ஏற்காமல் முரண்டு பிடிக்கும்.

பட்டியலில் ஏ.வி.டி.யும் இன்ஃபோவும் சேர்த்து என்று ஒரு தேர்வும் இருக்கும். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து அதைத் தொடாதீர்கள். மறுமுனை இரண்டையும் எண்ணினால் நீங்கள் ஒரு முறை அழுத்திய 1 அங்கே 11 ஆகிவிடும்.

பெரியப்பா வீட்டில் ஏ.வி.டி. ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் மெனு ஏற்கவில்லை. என் வீட்டில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் வைத்த ஒரு சின்ன சர்வர் ஓடுகிறது. அதில் நான் வைத்திருக்கும் ஒரு எண்ணை அழைத்து எதையாவது அழுத்தினால், அது வாங்கிக்கொண்டதைத் திருப்பிப் படித்துக் காட்டும். அவருடைய தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்து, விசைப்பலகையின் நடுத் தூணில் மேலிருந்து கீழாக 2580 அழுத்தச் சொன்னேன். கண் பார்க்காமலே விரல் தேடிப் போய்விடும் வரிசை அது. "இரண்டு, இரண்டு, ஐந்து, எட்டு, பூஜ்யம்" என்று படித்தது. இன்னொரு முறை ஐந்து இரண்டு தடவை வந்தது. எண்கள் போகாமல் இல்லை, கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தன. நான்கு இலக்கக் கடவுச்சொல் ஐந்து இலக்கமானால் எந்த மெனுதான் ஏற்கும்? பொத்தானே போகவில்லை என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை, மெனு சொன்னது தவறு என்ற ஒரே சொல்தானே.

வலையில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் என் பக்கம் வந்த பாக்கெட்டுகளைப் பிடித்து, பொத்தான் பாக்கெட்டுகளை மட்டும் காட்டும் ஆர்.டி.பி. ஈவென்ட் என்று வடிகட்டிப் பார்த்தேன். ஒழுங்காக வரும் ஒரு அழுத்தம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 2ஐ 100 மில்லி வினாடி அழுத்தினால், 20 மில்லி வினாடிக்கு ஒன்றாகப் பாக்கெட்டுகள் வரும். எல்லாவற்றிலும் நிகழ்வு எண் 2. கால அளவு 160, 320, 480, 640, 800 என்று ஏறும். நொடிக்கு 8000 என்ற கடிகாரத்தில் எண்ணுவதால் 800 என்பது பத்தில் ஒரு நொடி. கடைசிப் பாக்கெட்டில் முடிந்தது என்ற குறி எழுந்திருக்கும். அது வழியில் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அதையே மூன்று முறை அனுப்புவார்கள். இதில் உயிர்நாடி நேர முத்திரைதான். அந்த வரிசை முழுவதற்கும் ஒரே முத்திரை இருக்கும். அதை வைத்துத்தான் வாங்கும் பக்கம் இது எல்லாம் ஒரே அழுத்தம் என்று புரிந்துகொள்கிறது. முத்திரை மாறினால் புது அழுத்தம்.

எனக்கு வந்ததில் ஒரு 2க்கு இரண்டு வரிசைகள், இரண்டு முத்திரைகள். ஒன்று முழு நீளம், இன்னொன்று குட்டி. அடாப்டர் டோனைக் கேட்டு, இது பொத்தான்தான் என்று உறுதிசெய்து, பேச்சுத் தடத்தில் அதை அடைப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில மில்லி வினாடியில் டோனின் தலைப்பகுதி பேச்சோடு கசிந்துவிடும். நடுவில் இருக்கும் சேவை நிறுவனத்தின் கருவி பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு, ஒலியிலும் டோனைத் தேடிக்கொண்டிருந்தால், கசிந்த துண்டையும் ஒரு அழுத்தமாகக் கணக்கில் எடுத்துவிடும். கசிவு 40 மில்லி வினாடியைத் தொட்டால் அதையும் பிடித்துவிடும் அளவுக்குக் கூர்மையான காது அவற்றுக்கு. அதனால்தான் சில அழுத்தம் இரட்டிப்பாகிறது, சில ஆவதில்லை.

இதற்கு மருந்து நம் கையில் இல்லை, சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உதவி எண்ணில் பேசும்போது "பொத்தான் வேலை செய்யவில்லை" என்று சொன்னால் அடாப்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அழைத்த எண், நாள், நேரம், அழுத்தியது 2580, பதிவானது 22580, கோடெக் ஜி.711, முறை ஆர்.எஃப்.சி. 4733 என்று வரிசையாகச் சொன்னேன். உங்கள் பக்கம் இந்தக் கணக்கில் ஒலியில் டோன் தேடுவதை நிறுத்திவிடுங்கள், பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்டேன். முதலில் பேசியவருக்குப் புரியவில்லை. ஆனால் அவர் அப்படியே எழுதிக்கொண்டு மேலே அனுப்பினார், அதற்கு அவருக்கு என் நன்றி. மாற்றியபின் 2580 என்பது 2580 ஆகவே வந்தது. பெரியப்பா உடனே வங்கியை அழைத்து, இருப்பைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்க வந்தார்.

சர்வர் எல்லாம் இல்லாதவர்கள் என்ன செய்வது? உங்கள் வாய்ஸ்மெயிலின் கடவுச்சொல்லைத் தற்காலிகமாக 1234 போல எல்லாம் வேறு வேறு எண்ணாக மாற்றி நுழைந்து பாருங்கள். பிறகு வேறு இரண்டு மூன்று நிறுவனங்களின் மெனுக்களையும் அழையுங்கள். எல்லா இடத்திலும் தோற்றால் உங்கள் அடாப்டர், உங்கள் சேவை. ஒரு இடத்தில் மட்டும் தோற்றால் அந்த எண்ணுக்குப் போகும் வழித்தடத்தில் எங்கோ கோடெக் மாற்றிக்கொண்டிருக்கலாம். அதையும் அந்த எண்ணோடு சேர்த்துச் சொன்னால்தான் அவர்களால் தேட முடியும்.

ஒலியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடாப்டரில் எஃப்.எக்ஸ்.எஸ். இன்புட் கெயின் என்று ஒன்று உண்டு, தொலைபேசியிலிருந்து வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அளவு அது. குரல் சன்னமாகக் கேட்கிறது என்று யாராவது அதை ஏற்றிவைத்திருந்தால், பொத்தான் டோன் உச்சி நறுக்கப்பட்டு, இல்லாத அலைவரிசைகள் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். கேட்கும் கருவி இது டோன் இல்லை என்று ஒதுக்கிவிடும். 3 டெசிபல் குறைத்து ஒரு சோதனை, தேவைப்பட்டால் இன்னும் 3. சத்தம் கூடினால் நன்றாகப் போகும் என்பது டோன் விஷயத்தில் செல்லாது. பேச்சுக்கு நடுவே யாரும் எதையும் அழுத்தாமலே பீப் என்று ஒலி வந்து ஒரு அசை விழுங்கப்பட்டால் அதற்கும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். குரலையே பொத்தான் என்று அடாப்டர் தவறாக எடுத்துக்கொள்கிறது. கெயினைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அழுத்தும் விதமும் கொஞ்சம் உதவும். ஒவ்வொரு பொத்தானையும் அரை நொடி அழுத்தி, அரை நொடி விட்டு அடுத்ததற்குப் போகலாம். நினைவகத்தில் போட்டுவைத்த எண்ணைத் தொலைபேசி தானாக அடிக்கும்போது டோன்கள் படபடவென்று போகும். மெனுவில் தோற்றுப்போகும் கடவுச்சொல்லைக் கையால் நிதானமாக அடித்தால் ஏறிவிடுவது இதனால்தான். சில எண் போய், சில எண் போகாமல், இணையம் நெரிசலாக இருக்கும் மாலையில் மட்டும் தொல்லை என்றால், வழியில் பாக்கெட்டுகள் தொலைகின்றன. இன்பேண்டில் டோனின் நடுவில் 20 மில்லி வினாடி ஓட்டை விழுந்தால் ஒரு டோன் இரண்டாகவோ ஒன்றுமில்லாமலோ ஆகிவிடும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, அழைப்புச் செய்திகளில் ரவுட்டர் தானே கைவைக்கும் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற வசதியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திருட்டு எச்சரிக்கைக் கருவியோ, வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர உதவிப் பொத்தானின் பெட்டியோ இந்த அடாப்டர் வழியாக இணைந்திருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அவற்றில் பல, கான்டாக்ட் ஐ.டி. என்ற முறையில் இதே டச் டோன்களை அனுப்பித்தான் கண்காணிப்பு மையத்தோடு பேசுகின்றன. மனித விரலைவிட மிக வேகமாக, 50 மில்லி வினாடி ஒலி, 50 மில்லி வினாடி இடைவெளி என்ற கணக்கில். பேச்சு மெனுவுக்குப் பொருந்தும் செட்டிங் இதற்குப் பொருந்தாமல் போகலாம். அதற்கென்று அடாப்டரில் இன்னொரு போர்ட் இருந்தால் அதில் ஜி.711ம் இன்பேண்டும் வைத்து, மௌனத்தில் பாக்கெட் அனுப்பாமல் இருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம் மையத்தில் சொல்லிவிட்டு ஒரு சோதனைச் சமிக்ஞை அனுப்பி, வந்து சேர்ந்தது என்று அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். சேவை நிறுவனத்தை மாற்றினாலோ அடாப்டரை மாற்றினாலோ அதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.